மீனாட்சியம்மா: களரியில் ஒரு வாழ்நாள்

கேரளத்தின் வடகரையில், ஏழு வயதில் அப்பா போர்க்கலை பயிலும் களரிக்கு அழைத்துப்போன சிறுமி மீனாட்சி. நடனம் பயின்றவளுக்கு உடல் இன்னும் வளைந்து கொடுக்கட்டும் என்பதுதான் எண்ணம். பூப்பெய்தியதும் பெண்பிள்ளைகள் களரியை விட்டு நின்றுவிடும் காலம் அது. அவர் நிற்கவில்லை.

ஆசான் ராகவன் குருக்கள், சாதியைக் காரணம் காட்டி ஒரு களரி தன்னைச் சேர்க்க மறுத்ததால், 1949-இல் கடத்தநாடன் களரி சங்கத்தைத் தொடங்கியவர். பின்னாளில் அவரையே மீனாட்சி மணந்தார். அங்கே கட்டணம் கிடையாது. மாணவர் மனமுவந்து தரும் குருதட்சிணை மட்டுமே.

தரையைத் தோண்டி அமைத்த மண்தளமே களரி. முதலில் மெய்த்தாரி: உடம்பெங்கும் எண்ணெய் பூசி, யானை, சிங்கம், குதிரை போன்ற விலங்கு நிலைகளில் நின்றும் தாவியும் பழகுவது. அடுத்து மரக்கோல்கள். அதன் பின்னரே வாளும் கேடயமும். வெறுங்கையால் ஆயுதத்தை எதிர்கொள்ளும் வித்தை கடைசியில்தான் வரும். ஜப்பானில் மொரிஹெய் உயெஷிபா (1883–1969) உருவாக்கிய ஐகிடோ பயில்வோருக்கு இந்தக் கட்டம் நெருக்கமானது. ஆயுதங்களில் சுருள்வாள் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கவனம் பிசகினால் சுழற்றுபவரையே வெட்டும். நம் சிலம்பக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

2009-இல் குருக்கள் மறைந்தபின் மீனாட்சியம்மா பொறுப்பேற்றார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த விருதைவிட, அவரைப் பார்த்துக் களரியில் இறங்கிய சிறுமிகளே அவருடைய பெரிய சாதனை.

அந்தக் களரியை நேரில் பார்க்க விரும்பினால், மங்களூர் மெயில் வடகரையில் நிற்கும். களரிப் பயிற்சிக்கு மழைக்காலமே உகந்தது. அந்த மாதங்களில் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.