வேகமான குண்டும் பக்கக் காற்றும்

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் ‘பாயிண்ட் டூ டூ’ ரைபிள் புதிதன்று. 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் நம் நாட்டின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இதே அளவுத் தோட்டாவைக் கொண்டுதான். அந்தப் போட்டியில் இலக்கின் நடுவேயுள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான்! அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் சிலர் இதே சிறு தோட்டாவை 200, 300 கெஜத்துக்கு அப்பாலுள்ள இரும்புத் தகடுகளை நோக்கியும் சுட்டுப் போட்டியிடுகிறார்கள். அங்கேதான் பௌதிகம் சுவையாகிறது.

1887இல் அமெரிக்காவில் உருவான தோட்டா இது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு மடிக்கப்பட்டு, அம்மடிப்புக்குள் தீப்பற்றும் மருந்து வைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும். நசுங்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடோ மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே 2.6 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு ஓரளவு வேகத்துடன்தான் வெளியேறும். போட்டித் தோட்டாக்களில் அது வினாடிக்குச் சுமார் 325 மீட்டர். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு 380 மீட்டர் செல்லும் ‘அதிவேக’த் தோட்டாக்களும் கடையில் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. பக்கவாட்டில் காற்று அடிக்கிறது. எந்தக் குண்டு குறைவாக விலகும்? என் வகுப்பில் இதைக் கேட்டால், “வேகமான குண்டுதான் சார், அது காற்றில் இருக்கும் நேரம் குறைவு” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் விடை தவறு.

கணக்கைப் பாருங்கள். தொலைவு 100 மீட்டர். காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்க. வேகம் குறையாமலே சென்றால் முதற்குண்டுக்கு 0.308 வினாடி ஆகும். உண்மையில் காற்றுத்தடையால் சுமார் 0.337 வினாடி ஆகிறது. காகிதத் துண்டைப் போலக் காற்றோடு அடித்துச் செல்லப்பட்டால் அது 1.35 மீட்டர் விலக வேண்டும். அப்படி நேர்வதில்லை. சுழன்று செல்லும் குண்டு தன் மூக்கைத் தன்மீது மோதும் காற்றின் திசைக்குத் திருப்பிக்கொள்கிறது. அதனால் தடைவிசை சற்றே சாய்ந்து செயற்படுகிறது. அச்சாய்வே குண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தடை இல்லையேல் விலகலும் இல்லை. எனவே காற்றின் வேகத்தைத் தாமதத்தால் மட்டும் பெருக்க வேண்டும். மொத்த நேரத்தால் அன்று. தாமதம் 0.029 வினாடி, விலகல் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர்.

அதிவேகக் குண்டுக்குத் தடையின்றி 0.263 வினாடி, உண்மையில் சுமார் 0.300. அது முந்தி வந்துவிடுகிறது, ஐயமில்லை. ஆனால் தாமதம் 0.037 வினாடி! விலகல் 15 சென்டிமீட்டர்.

காரணம் ஒலியின் வேகம். அதை நெருங்கும்போது குண்டின் முன்னே காற்று விலக நேரமின்றி நெரிந்து அதிர்ச்சி அலை எழுகிறது. ஒலியின் முக்கால் வேகத்தில் உள்ள தடைக்கெழுவோடு ஒப்பிட்டால், ஒலியைச் சற்றே தாண்டிய நிலையில் அது இரு மடங்குக்கும் மேலாகிறது. அதிவேகக் குண்டு இந்தச் சுவரில் மோதித்தான் தன் வேகத்தை இழக்கிறது. வினாடிக்கு 800 மீட்டர் செல்லும் பெரிய ரைபிள் குண்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை சுவரை வெகுவாகத் தாண்டியவை.

200 மீட்டரில் நிலைமை கடினம். மெதுவான குண்டு அங்கே சேர்வதற்குள் குழாயின் நேர்கோட்டிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் கீழிறங்கிவிடும். அது பெரிய தொல்லையன்று. ஒருமுறை கணக்கிட்டுக் குறிநோக்கியை ஏற்றினால் போதும். தொல்லை வேறு: ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வேகம் 5 மீட்டர் மாறினாலே இலக்கில் மேலும் கீழுமாக ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் மாறும். எனவேதான் தேர்ந்தவர்கள் ஒரே தொகுதியில் தயாரான தோட்டாக்களைத் தேடி வாங்குகிறார்கள்.

காற்றுக்கோ அத்தகைய வழியும் இல்லை. அதே 4 மீட்டர்க் காற்றில் விலகல் 40 சென்டிமீட்டரை எட்டும். காற்று பாதியாகத் தணிந்தால் 20. இலக்கருகே ஆடும் கொடியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். சுடுபவரின் பக்கத்தில் அடிக்கும் காற்று குண்டின் திசையைத் தொடக்கத்திலேயே திருப்பிவிடுகிறது; மீதித் தொலைவு முழுவதும் அந்தக் கோணம் விரிந்துகொண்டே போகும். முதலில் பார்க்க வேண்டியது தம் அருகிலுள்ள கொடியை.