யாருடைய குரல் இது?

சென்ற நோன்பு விடுமுறையில் மூத்தப்பா எனக்கு ஒரு வேலை தந்தார். அவரிடம் 41 கசெட்டுகள் இருக்கின்றன. வீடு மாறியபோது உறைகள் தொலைந்துவிட்டன. மேலே எழுதியிருந்த பெயர்களும் அழிந்துவிட்டன. சீனி வருத்தத்தால் மூத்தப்பாவுக்குப் பார்வை குறைவு. இப்போது காதும் மந்தமாகி வருகிறது. "எனக்குக் கேக்கிற காலத்திலேயே பேரெல்லாம் எழுதி வெச்சிரு மகள்" என்றார்.

முதல் நாளே பிழைவிட்டேன். இஸ்லாமியப் பாட்டு, ஆண்குரல். யோசிக்காமல் 'நாகூர் ஹனிபா' என்று எழுதி, வாசித்தும் காட்டினேன். மூத்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது காயல் ஷேக் முஹம்மது. ஒரு மனிசன் பாடினத இன்னொரு மனிசன்ட பேருல எழுதலாமா?" என்றார். யூடியூபில் தேடினால் அதே பாட்டுக்கு அங்கேயும் ஹனிபாவின் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். நான் மட்டும் ஏமாறவில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

பிறகு மூத்தப்பா எனக்குக் கேட்கப் பழக்கினார். அதற்கு அவர் எடுத்த பாட்டு, 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் ரி.எம்.சௌந்தரராஜனும் ஹனிபாவும் சேர்ந்து பாடியது. இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. ஒரே மெட்டை இருவர் பாடும்போதுதான் குரல்களின் வித்தியாசம் வெளிச்சமாகிறது.

மெட்டை மறந்துவிட்டு, குரல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். சௌந்தரராஜனின் குரல் நெஞ்சில் தொடங்கி மூக்கின் பக்கமாக ஒலித்து வெளியே வரும். ஹனிபாவின் குரலோ திறந்த தொண்டையிலிருந்து நேரே பாய்ந்து வரும். அவர் திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டங்களிலும் மீலாத் மேடைகளிலும் திறந்தவெளிச் சனத்துக்கு முன்னால் பாடியவர். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குரலிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அடுத்தது, வரி முடியும் இடம். கர்நாடக சங்கீதம் கற்ற சௌந்தரராஜன் கடைசிச் சொல்லைச் சற்று அசைத்து, வளைத்து இறக்குவார். ஹனிபா உச்சத்தில் நீட்டிப் பிடித்தால் அது கோடு போட்டதுபோல நேராக நிற்கும். ஷேக் முஹம்மது அந்த உயரத்துக்குப் போகும்போதும் மென்மையை விடமாட்டார். முன்னால் இருந்து கதை சொல்வதுபோல இருக்கும். இதைத்தான் நான் முதல் நாள் தவறவிட்டேன். பாட்டின் பொருளைக் கேட்டேனே தவிர குரலைக் கேட்கவில்லை.

ஆனால் ஒரு தொண்டைக்கு ஒரு குரல்தான் என்றும் நம்பிவிடக் கூடாது. இதே சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு விதமாகவும் எம்.ஜி.ஆருக்கு இன்னொரு விதமாகவும் பாடுவார். படம் பார்க்காமலே, யாருக்காகப் பாடுகிறார் என்று மூத்தப்பா சொல்லிவிடுவார். எனக்குப் பத்தில் ஆறுதான் சரிவந்தது.

கட்டாரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவின் மகன் காக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கும் இதே பிரச்சினைதானாம். அவர் கேட்பது பிங்க் ஃபுளொய்ட் என்ற ஆங்கிலேய இசைக்குழு. நீண்ட, பல பகுதிகளாக மாறிச் செல்லும் 'புரோகிரஸிவ் ரொக்' பாட்டுகள். அந்தக் குழுவில் பாடுபவர் ஒருவரல்லர். 1973இல் வந்த அவர்களுடைய 'டைம்' என்ற பாட்டில் கரகரப்பாக உரத்துப் பாடுபவர் டேவிட் கில்மோர். இடையில் சாந்தமாக வருபவர் ரிச்சர்ட் ரைட். காக்கா பல வருடம் இரண்டும் ஒருவர் என்றே நினைத்திருந்தாராம். இன்னொரு வேடிக்கை, 1975இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டில் ஒரு பாட்டைப் பாடியவர் குழுவிலேயே இல்லாத ரோய் ஹார்ப்பர். மூத்தப்பாவிடம் சொன்னேன். "பாவம், அவர்ர பேர எழுதினாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பெருநாளைக்கு முதல்நாள் 40 கசெட்டுகள் முடிந்தன. கடைசிக் கசெட்டின் இரண்டாம் பக்கத்தில் ஹனிபாவுடன் ஒரு பெண் பாடுகிறார். மூத்தப்பா ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் போடு மகள்" என்றார். நான்கு தரம் போட்டேன். மூத்தம்மா குசினியிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டு, "இந்தக் குரல நான் றேடியோவில கேட்டிருக்கன், பேருதான் வருகுதில்ல" என்றார்.

லேபலில் ஹனிபாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பெயர் எழுதுமளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.