இரட்டைக் கோப்பு வழங்கிகள்: பொறுப்பு மாற்றமும் பொறுப்பு மீட்பும்

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் ‘அர்கா’ என்னும் மீக்கணினி 2024 செப்டம்பரில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது. வினாடிக்கு ஏறத்தாழ 11,770 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் உச்ச ஆற்றலும், 33 பெட்டாபைட்டு சேமிப்புக் கொள்ளளவும் உடையது அது. ஆயினும் கணக்கிடும் வேகம் மட்டும் போதாது. கணிப்புக்கு வேண்டிய கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் பணியும் இடையறாது நடைபெறுதல் வேண்டும். மழை பெய்த பின்னர் வந்து சேரும் மழை அறிவிப்பால் உழவருக்கு யாது பயன்?

பல கணினிகளுக்கும் பொதுவாகக் கோப்புகளை அளிக்கும் கணினியைக் கோப்பு வழங்கி என்பர். சர்வர் என்றும் கூறுவர். பெரிய கணினி நிலையங்களில் இதனை இரட்டையாக அமைப்பது வழக்கம். இரு வழங்கிகளும் ஒரே வட்டுத் தொகுதியுடன் இணைக்கப்பட்டிருக்கும். எளிய அமைப்பில், ஒன்று பணியாற்ற மற்றொன்று காத்திருக்கும். முதலாவது பழுதுற்றதும் இரண்டாவது பணியை ஏற்பது பொறுப்பு மாற்றம். பழுது நீங்கிய பின் முதலாவதே பணியைத் திரும்பப் பெறுவது பொறுப்பு மீட்பு.

இரு வழங்கிகளும் நாடித்துடிப்பைப் போலக் குறித்த இடைவெளியில் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. துடிப்பு நின்றுவிட்டால் முதலாவது செயலிழந்தது என முடிவு செய்யலாமா? கூடாது. இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். தலைமையாசிரியர் வரவில்லை என்று கருதி உதவித் தலைமையாசிரியர் மாணவரைச் சேர்க்க, வேறோர் அறையில் தலைமையாசிரியரும் சேர்த்துக் கொண்டிருந்தால், ஒரே சேர்க்கை எண் இரு மாணவருக்குக் கிடைத்துவிடும். அவ்வாறே, இரு வழங்கிகளும் ஒருங்கே எழுதினால் வட்டின் ஒரே இடத்தில் இரு கோப்புகள் பதிந்து, இரண்டும் பாழாகும்.

ஆகவே பொறுப்பு மாற்றத்தில் பின்வரும் வரிசை பிறழலாகாது.

1. முதல் வழங்கியின் மின்னிணைப்பைத் துண்டித்தல்.
2. வட்டுத் தொகுதியைத் திறந்து, அரைகுறையாக நின்ற பதிவுகளைச் சீர்செய்தல்.
3. முதல் வழங்கிக்குரிய பிணைய முகவரியை இரண்டாவது ஏற்றல்.
4. கோப்புப் பணியைத் தொடங்குதல்.

பிற கணினிகள் அறிந்தது முகவரியை மட்டுமே. எனவே, விடை வரும்வரை காத்திருக்குமாறு அமைக்கப்பட்டவை சிறிது தாமதித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்பு தாம் பூட்டி வைத்திருந்த கோப்புகளின் உரிமையைக் கேட்டுப் பெற அவற்றிற்குச் சலுகை நேரம் உண்டு. லினக்ஸ் முறையில் இது பொதுவாக 90 வினாடி. அதுவரை புதிய பூட்டு எதுவும் வழங்கப்படாது.

பொறுப்பு மீட்பில் அவசரம் தகாது. பழுதின் காரணம் அறியாமல் முதல் வழங்கி தானாகவே பொறுப்பைப் பறிக்கும்படி அமைத்தால், அது மீண்டும் வீழும்; பணி இரண்டிற்கும் இடையே அலைக்கழியும். எனவே காரணத்தைக் கண்டு, சோதித்து, வேலை குறைந்த வேளையில் ஊழியர் ஒருவரே அதனை நிகழ்த்துதல் நன்று.

இறுதியாக ஒன்று. வழங்கிகள் இரண்டாயினும் வட்டுத் தொகுதி ஒன்றே. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் இராது. ஆதலின் தனியிடத்தில் ஒரு நகலை வைத்திருப்பது எப்போதும் இன்றியமையாதது.