சிறகு இருந்தும் தாண்டாத நிலம்

குளிர்காலத்தைக் கழிக்க மத்திய ஆசியாவிலிருந்து கிளம்பும் சூறைக்குருவிகள், பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து நம்மூர்ச் சோளக்காடுகளில் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. நீலகிரிச் சோலைக்கிளி என்ற சிட்டளவுப் பறவையோ, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஆனைமலையில் குடியேறியதே இல்லை. அந்தக் கணவாயின் அகலம் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர்தான். சிறகு இரண்டுக்கும் உண்டு. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விடையைப் பறவையின் உடலில் மட்டும் தேடினால் கிடைக்காது. அது வாழும் நிலத்திலும் தேட வேண்டும். இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஜாரெட் டைமண்ட். 1961இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது பித்தப்பையின் சவ்வுகளைப் பற்றிய ஆய்வுக்கு. 1964 முதல் நியூகினித் தீவின் மலைகளில் பறவைகளைத் தேடி அலையத் தொடங்கினார். உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர், பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியர் ஆனார்.

மலைச்சரிவில் ஏற ஏறப் பறவைகள் மாறுவதை அவர் அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென ஓர் உயரம் உண்டு. அந்த உயரத்துக்குக் கீழே வெப்பம், உணவு, மறைவிடம், போட்டியிடும் பறவைகள் என எல்லாமே வேறு. உயரத்தில் வாழும் பறவைக்குத் தாழ்நிலம் கடலுக்குச் சமம். மலை ஒரு தீவு. நியூகினியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1895இல் பதப்படுத்திய தோல்களை மட்டுமே வைத்துப் பெயரிடப்பட்ட பொன்நெற்றிக் குடில்பறவை எங்கே வாழ்கிறது என்பது ஏறத்தாழ 85 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 1981இல் டைமண்ட் அதைக் கண்டுபிடித்தார். தாழ்நிலக் காடுகள் சூழ்ந்த, தனித்து நிற்கும் போஜா மலைத்தொடரே அதன் வீடு.

இந்தக் கண்ணோடு திருச்செங்கோட்டு மலையில் படியேறி அர்த்தநாரீசுவரர் கோயில் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். அருகே சங்ககிரி, கிழக்கே கொல்லிமலை, வடகிழக்கே சேர்வராயன், மேற்கே காவிரி. நடுவில் வறண்ட சமவெளி. அதன் நடுவே ஆங்காங்கே சிறு கரடுகள். பறவைகளைப் பொறுத்தவரை இது ஒரு தீவுக்கூட்டம்.

இந்தத் தீவுகள் பறவைகளை என்ன செய்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அருமையான சான்று இருக்கிறது. திருப்பதி இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் வி. வி. ராபினும் அவருடன் உழைத்தவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் பறவைகளின் மரபணுக்களையும் பாடல்களையும் ஒப்பிட்டனர். சோலைக்கிளி, நிழல் அடர்ந்த புதர்களுக்குள் தரையோடு தரையாக இரை தேடும் பறவை. வெயில் காயும் பாலக்காட்டுக் கணவாயில் அதற்கு உணவும் இல்லை, ஒளிய இடமும் இல்லை. ஆகவே கணவாயின் இரு பக்கமும் தங்கிவிட்ட கூட்டங்கள் பல லட்சம் ஆண்டுகளாக ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி இனங்களாயின. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் சோலைக்கிளி தனி இனம் என்பது 2017இல்தான் அறிவிக்கப்பட்டது. அகலமும் ஆழமும் மிகுந்த பாலக்காட்டுக் கணவாய் அதிகமான இனங்களைப் பிரித்தது; சிறிய பள்ளத்தாக்குகள் குறைவான இனங்களைப் பிரித்தன. சூறைக்குருவிக்கோ திறந்த வயலே வீடு. அதனால் அது போகும் வழியெல்லாம் அதற்கு இரை கிடைக்கிறது.

நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளை முறையாகத் தொகுத்த முதல் பெரும் முயற்சி, 1929-30இல் நடந்த வெர்னே அறிவியல் ஆய்வு. ஆய்வுக் குழு சேர்வராயன் மலையிலும் பறவைகளைச் சேகரித்தது. பறவையியலாளர்கள் ஹியூ விஸ்லரும் கின்னியரும் அவற்றை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக எழுதினார்கள். எந்தப் பறவை எந்த மலையில் இருந்தது என்பதற்கு இன்றும் அதுதான் அடிப்படை ஆவணம்.

உச்சிச் சோலைகளில் மட்டும்தான் இப்படித் தனிப் பறவைகள் உண்டு என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்றொரு பறவை. சாம்பல் உடல், மஞ்சள் தலை. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1845இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். உலகில் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இது இல்லை. சேர்வராயன் உள்ளிட்ட மலைகளில், பாறையும் புதரும் கலந்த சரிவுகளில்தான் வாழ்கிறது. பாறையில் விழும் மழைநீர் வழிந்து இடுக்குகளிலும் அடிவாரத்திலும் சேர்கிறது. அந்த ஈரத்தில் அத்தி வகை மரங்களும் முட்செடிகளும் வேர்பிடிக்கின்றன. அவற்றின் பழமும் பூச்சியும் நிழலும் சின்னானுக்குப் போதும். சுற்றியுள்ள சமவெளி காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இந்த இடுக்குகளில் பசுமை மிஞ்சி நிற்கும்.

அழியும் ஆபத்துக்கு இலக்காகக்கூடிய இனங்களின் பட்டியலில் இந்தச் சின்னானை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சேர்த்திருக்கிறது. கல் குவாரியும் தீயும் விறகுவெட்டும் அதன் வாழிடத்தைத் தின்கின்றன. மரம் வெட்டிய காட்டில் மீண்டும் மரம் நடலாம். உடைத்து ஜல்லியாக்கிய கரட்டை எந்தத் திட்டத்தாலும் திரும்பக் கட்ட முடியாது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்டிருப்பதால் ஒரு கரடு வெற்று நிலம் ஆகிவிடாது. குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன் அங்கே என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று ஓராண்டு முழுக்கக் கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அந்தக் கணக்கை நாமே தொடங்கலாம். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் பார்த்த இடத்தையும் குறித்து, இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். குளம், வயல்களோடு நிறுத்தாமல் உங்கள் ஊர்க் கரட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பறவையின் பெயரோடு, அது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வியையும் சொல்லிக் கொடுங்கள்.