வெப்சைட் போடுறது ஈஸி, தமிழ் தெரியணுமே!

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வெப்சைட் என்றால் ரெஸ்யூமேயில் ஒரு லிங்க். பிளேஸ்மென்ட் சீசனில் ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து, பேரை மாத்தி, அப்லோட் பண்ணிடுவோம். அபிராமபுரத்தில் எங்க தெரு பாட்டு டீச்சர் என்னைக் கூப்பிடும் வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

"என் பழைய சைட்டைக் காணோம்பா, கொஞ்சம் பாரேன்" என்றார்.

2000-களின் தொடக்கத்தில் யாரோ ஃப்ரன்ட்பேஜில் செய்து கொடுத்த சைட் அது. டொமைனும் அவர் பேரிலேயே இருந்தது. அவர் ரினியூ பண்ணலை, போன் நம்பரும் மாறிடுச்சு. கதை முடிஞ்சது என்று நினைத்துக்கொண்டே வேபேக் மெஷினில் தேடினேன். பக்கம் கிடைச்சது! ஆனா தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள். கிருதிகளுக்கு டீச்சர் எழுதிய விளக்கம் எல்லாம் அதில்தான் இருந்தது. எழுதி வைத்த நோட்டு 2015 வெள்ளத்தில் போயிடுச்சு.

ஏன் இப்படி ஆகுது? கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கும். அந்தக் காலத்தில் தமிழுக்கென்று தனி எண்கள் பரவலாக இல்லை. ஐரோப்பிய எழுத்துகளுக்கான 128 முதல் 255 வரையிலான இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து ஒரு ஃபான்ட் செய்வார்கள். அந்த ஃபான்ட் உங்க மெஷினில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் கிறுக்கல்தான்.

இந்த வசதிகளை வைத்தே பெரிய வேலைகள் நடந்திருக்கு. 1995-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அந்நாட்டுக் கவிதைகளை வலையேற்றினார். முதல் தமிழ் வெப் பக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்று ஒரு ஃபான்ட் செய்து இலவசமாகக் கொடுத்தார் (நம்ம பக்கத்து ஏரியா பேர்தான்!). 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கியதுதான் மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டாங்க. அந்த நூல்கள் இன்றைக்கும் உங்க போனில் திறக்குதுன்னா, டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் பொறுமையாக மாற்றிக்கொண்டே வந்ததால்தான். டீச்சர் சைட்டை யாரும் மாற்றலை.

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை சொந்த இடம் இருக்கு. ஆனா மாற்றுவது எண்ணுக்கு எண் போடும் வேலை இல்லை. 'கொ' என்பதை டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று சேமிப்பார்கள். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. வரிசையையும் மாத்தணும். பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இதைப் பார்த்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு என்கோடிங்காகப் போட்டுப் பார்த்தேன். டிஸ்கிக்கு வந்தபோது வரிகள் அப்படியே தமிழாக மாறின. டீச்சர் ஸ்கிரீனைப் பார்த்து சத்தமாகப் படிக்க ஆரம்பிச்சுட்டார்.

புது சைட் போடுறது இதைவிட ரொம்பச் சின்ன வேலை. விஎஸ் கோடில் ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இண்டெக்ஸ் என்ற பேரில் ஒரு எச்டிஎம்எல் ஃபைல். ஹெட் பகுதியில் முதல் வரியாக மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்று போடுங்க. இதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். சார்செட்டைத் தப்பாக எடுத்துக்கொண்ட பிரவுசர் 'க'வின் 3 பைட்டையும் 3 தனி எழுத்தாக நினைத்து, தலையில் கோடு வைத்த சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், ஒரு குண்டுப் புள்ளி என்று காட்டும். எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அடுத்தது வியூபோர்ட் வரி. அதை விட்டால் போனில் எறும்பு சைஸில் தெரியும். ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். லைன் ஹைட்டை மட்டும் 1.7 கிட்ட வையுங்க; நம்ம எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேணும்.

பப்ளிஷ் பண்ண கிட்ஹப் பேஜஸ் இலவசம். ரெப்போவில் ஃபைல்களைப் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸை ஆன் பண்ணினால் சில நிமிஷத்தில் சைட் வந்துடும். எனக்கு வந்தது, ஆனா டீச்சர் போட்டோ மட்டும் வரலை. என் லேப்டாப்பில் தெரியுது, வெளியே தெரியலை. ஒரு மணி நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். ஃபைல் பேரில் ஜேபிஜி கேப்பிட்டலில் இருந்தது, கோடில் ஸ்மால் லெட்டர். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாக எடுத்துக்கும், அங்கே உள்ள சர்வர் எடுத்துக்காது. பேரெல்லாம் ஸ்மால் லெட்டரிலேயே வையுங்க, நடுவில் ஸ்பேஸ் வேண்டாம்.

இன்னொண்ணு. பப்ளிக் ரெப்போவில் போட்டு அப்புறம் அழித்தாலும் பழைய வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். டீச்சரின் வீட்டு அட்ரஸை நான் முதலில் போட்டுவிட்டு, ரெப்போவையே அழித்து மறுபடி ஆரம்பிச்சேன்.

டொமைனை மட்டும் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து வாங்கினோம். அவர் இமெயில், அவர் கார்டு, ஓடிபி அவர் போனுக்கு. ரினியூ தேதியை சமையலறை காலண்டரில் சிவப்பு மையில் குறிச்சுட்டு, "அடுத்த வருஷக் காலண்டர்லயும் நீயே வந்து எழுதிடு" என்றார்.