ஓடிப்போன பையன், சென்னையைக் காத்த தளபதி!

சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் கொளவாய் ஏரியைப் பார்த்ததுமே பையைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். செங்கல்பட்டு வந்துவிட்டது! ஆனால் இந்த ஊரில் ரயில் பாதை ஒரு பழைய கோட்டையைக் கிழித்துக்கொண்டு போவதைக் கவனிப்பவர்கள் குறைவு. 1758-59இல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போகாமல் தடுத்ததில் இந்தக் கோட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிருந்து போரிட்டவர் யூசுப் கான். மருதநாயகம் என்றால் உடனே தெரியும்.

ராமநாதபுரம் சீமையின் பனையூரில், 1725 வாக்கில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை. வீட்டோடு ஒத்துப்போகாமல் சிறு வயதிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தார், மதம் மாறினார். பிரண்டன் என்ற அதிகாரி பையனின் சூட்டிகையைப் பார்த்துப் படிக்க வைத்தார் என்கிறார்கள். பல மொழிகள் பழகியது அப்படித்தான். பிறகு சிப்பாய் வேலை. திருச்சி போரில் காட்டிய திறமைக்காக 1754இல் கும்பினியின் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதி ஆக்கினார்கள்.

கோவளத்துக் கடற்கரைக் கோட்டையையும் செங்கல்பட்டையும் 1752இலேயே கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிடப் போன பிரெஞ்சுத் தளபதி லாலி, செங்கல்பட்டைப் பிடிக்காமலே கடந்து போனார். முதுகுக்குப் பின்னால் எதிரியை விட்டுவைத்த பிழை!

கோட்டையில் கேப்டன் பிரஸ்டன் இருந்தார். சிப்பாய்களோடும் குதிரைப்படையோடும் யூசுப் கான் வந்து சேர்ந்துகொண்டார். பெரிய சண்டைக்குப் போகாமல், பிரெஞ்சுப் படைக்குப் போன தானியத்தையும் ஆடு மாடுகளையும் மடக்கினார்கள். துரத்தினால் மறைந்து, வேறு பக்கம் வந்து நின்றார்கள். விரட்டினாலும் திரும்பி வரும் ஈக்கள் என்று லாலியே அலுத்துக்கொண்டார். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் பகல் முழுக்கச் சண்டை, பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கினார்கள். ஒரு வாரத்தில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர, முற்றுகையே கலைந்தது.

அடுத்து மதுரை, திருநெல்வேலி நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. புலித்தேவரை எதிர்த்துக் கும்பினிக்காகப் போரிட்டவர் என்பதை இன்று அவரைக் கொண்டாடுகிறவர்களும் மறைக்க வேண்டியதில்லை. ஆற்காடு நவாபுக்கு அடங்கிப் போக மறுத்ததில்தான் அவர் பாதை திரும்பியது. மதுரையைத் தனி ஆட்சியாக அறிவித்து, பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எந்த பிரெஞ்சுக்காரர்களை ஓட ஓட விரட்டினாரோ, அவர்கள் கொடி!

கும்பினிப் படை மதுரையை வளைத்தது. அதில் செங்கல்பட்டுத் தோழர் பிரஸ்டனும் இருந்தார். 1764இல் கோட்டையைத் தாக்கியபோது படுகாயமடைந்து அவர் இறந்துபோனார். பீரங்கிகளுக்கு அசையாத கோட்டைக்குள், யூசுப் கானைக் கட்டிப்போட்டது அவருடைய சொந்த ஆட்கள். அக்டோபர் 15 அன்று நவாபின் உத்தரவில் தூக்கிலிட்டார்கள்.

1997இல் இங்கிலாந்து ராணி முன்னிலையில் கமல்ஹாசன் ‘மருதநாயகம்’ படத்தைத் தொடங்கினார், படம் நின்றுபோனது. மதுரை சம்மட்டிபுரத்தில், அவரை அடக்கம் செய்த இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது.