பழைய கணக்கும் புதிய கணிப்பொறியும்

நமது சங்க அலுவலகங்களில் கணிப்பொறிகளை மாற்றும் காலம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய பொறிகளில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நெசவாளர் சங்கமாயினும், விவசாயக் கடன் சங்கமாயினும், பால் உற்பத்தியாளர் சங்கமாயினும், பொறியை மாற்றும் பேச்சு நிர்வாகக் குழுவின் முன் வந்தே தீரும். புதுப் பொறி வாங்குவது எளிது. விலைப்புள்ளி கேட்டு, தீர்மானம் எழுதி, காசோலை கொடுத்தால் முடிந்தது. பழைய பொறிக்குள் கிடக்கும் கணக்கை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி.

இதனை அலுவலகத்தோடு முடிந்துபோகிற காரியமென்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. சுந்தரபாண்டியத்தில் தறியில் உட்காரும் நெசவாளர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கூட்டுறவு நெசவாளர்களுக்கான சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தின்படி அவருடைய கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்து, அரசாங்கமும் தன் பங்கைச் சேர்த்து, அவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. முப்பது ஆண்டு கழித்து அவர் தறியை விட்டு இறங்கும்போது சேரவேண்டிய தொகை, அந்த முப்பதாண்டு வரவையும் கூட்டினால்தான் தெரியும். முதற் பத்தாண்டு பேரேட்டிலும், அடுத்த பதினைந்தாண்டு பழைய கணிப்பொறியிலும், கடைசி ஐந்தாண்டு புதியதிலும் இருக்குமானால், நடுவிலுள்ள பதினைந்தாண்டு உழைப்பு சாவி தொலைந்த பெட்டிக்குள் கிடக்கிறது என்றே பொருள். பங்குத் தொகை, வாரிசு நியமனம், கடன் பாக்கி ஆகியவற்றின் கதியும் அதுவே.

சரி, பழைய மென்பொருளைப் புதுப் பொறியில் அப்படியே ஏற்றிவிட்டால் என்ன? ஏற்றலாம், ஓடாது. 1990களில் சிறு அலுவலகங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதியவர்கள் பெரும்பாலும் டிபேஸ், கிளிப்பர், பாக்ஸ்புரோ ஆகியவற்றைக் கையாண்டார்கள். அவை டாஸ் என்னும் பழைய இயக்க முறையில், 16 பிட் என்ற அளவுக்கு எழுதப்பட்டவை. பிற்காலத்து 32 பிட் விண்டோஸ், அந்தப் பழைய மென்பொருள்களுக்கென்று தனக்குள்ளே ஒரு சிறு திண்ணையை ஒழித்துக் கொடுத்திருந்தது. 64 பிட் விண்டோஸில் அத்திண்ணை இல்லை. 2021ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டாக மட்டுமே கிடைக்கிறது. ஆகையால், நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று 'இப்பொறியில் இயங்காது' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. நெசவாளர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. தறியை மாற்றினால் பழைய அச்சு புதிய பலகையில் பொருந்தாமற் போவதில்லையா? அச்சிலும் குற்றமில்லை, தறியிலும் குற்றமில்லை, அளவுதான் வேறு.

இதற்கு மாற்று உண்டு. புதிய பொறிக்குள்ளேயே ஒரு பழைய பொறியைப் பாவனையாக உண்டாக்கிக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் அவற்றுள் ஒன்று, விலையின்றிக் கிடைப்பது. பழைய கணக்கு மென்பொருள் அதற்குள்ளே தான் ஒரு டாஸ் பொறியில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு ஓடும். ஆனால் அதனை ஆக்கியோர் பழைய விளையாட்டுகளை ஓட்டவே அதனை ஆக்கினர் என்பதை மறக்கலாகாது. இரண்டு மூன்று எழுத்தர்கள் ஒரே கணக்கை ஒரே வேளையில் திறந்து எழுதுவதற்கு அது ஏற்றதன்று.

இங்கே ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். புதுப் பொறியின் வேகமே சில பழைய மென்பொருள்களைக் கொன்றுவிடும். டர்போ பாஸ்கல் என்னும் மொழியில் எழுதிய மென்பொருள்கள் பல, தொடங்கியவுடன் பொறியின் வேகத்தை அளந்து பார்க்கும். குறிப்பிட்ட ஒரு கணத்தில் எத்தனை முறை எண்ண முடிகிறதென்று எண்ணி, அத்தொகையை 55ஆல் வகுத்து, விடையை 16 பிட் கொண்ட ஓர் இடத்தில் எழுதி வைக்கும். அவ்விடத்தில் கொள்ளக்கூடிய பெரிய எண் 65,535. எழுதியவர்கள் காலத்துப் பொறிகளில் அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. 1990களின் பிற்பகுதியில் வேகமான பொறிகள் வந்தன. விடை அந்த மரக்காலில் அடங்கவில்லை. மென்பொருள் 'பிழை 200' என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. வகுத்தற் கணக்கின் பிழையைக் குறிப்பதே அவ்வெண். ஆற்றல் குறைந்து நின்ற பொறியைக் கண்டிருக்கிறோம்; ஆற்றல் மிகுந்ததால் நிற்பது கணிப்பொறி உலகத்துப் புதுமை! டாஸ்பாக்ஸில் வேகத்தை வேண்டிய மட்டும் தணித்துக்கொள்ள இயலும்.

டாஸுக்குப் பின் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய மென்பொருளாயின், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றைக் கொண்டு ஒரு முழு எக்ஸ்பி பொறியையே புதியதற்குள் அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அமைத்ததை இணையத்தோடு இணைக்கவே கூடாது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது. திருத்தம் பெறாத பொறிகளின் கதி என்னவென்பதை 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற தீங்குநிரல் உலகுக்குக் காட்டியது. அண்டையிலுள்ள கேரளத்தில், வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும் அதற்கு இரையாயின.

அச்சுப்பொறி, நெகிழ்தட்டு முதலிய சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. ஊசிமுனை அச்சுப்பொறியைச் செருகும் அகன்ற வாய் புதுப் பொறியில் இல்லை. மூன்றரை அங்குல நெகிழ்தட்டைப் படிக்கும் கருவியை யுஎஸ்பி வழியாக இணைக்கலாம். ஐந்தேகால் அங்குலத்திற்கு அந்த வசதி இல்லை. சில மென்பொருள்கள் பொறியின் பின்புறம் செருகிய சிறு பூட்டு ஒன்று இருந்தால்தான் திறக்கும். பழைய பொறியைக் கழிக்கும்போது அப்பூட்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை.

இவற்றையெல்லாம்விட நமக்கே உரிய சங்கடம் தமிழ் எழுத்தால் வருவது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியேறியிருந்தன. பாமினியில் 'தமிழ்' என்று எழுதியதை, அவ்வெழுத்துரு இல்லாத புதுப் பொறியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தெரியும். ஓர் எழுத்துருவின் இடவமைப்பு மற்றொன்றில் இல்லை. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டிற்குப் பின் டாம், டாப் என்ற குறியீடுகளையும், தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது.

பழையதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. எனினும் அவற்றை முழுதும் நம்பிவிடல் தகாது. பழைய முறையில் 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலே பதிவாகும். யூனிகோடிலோ ககரம் முன், கொம்பு பின். 'கொ' என்பது பழைய முறையில் மூன்று துண்டு. இடம் மாற்றி அடுக்குகையில் ஒரு கொம்பு பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கோவிந்தன் வேறொருவராகிவிடுவார். பெயர் மாறியவருக்குப் பணம் கொடுக்கத் தணிக்கையாளர் சம்மதியார். ஆகவே, அங்கத்தினர் எண்ணை ஆதாரமாகக் கொண்டு ஒவ்வொரு பெயரையும் பழைய பதிவேட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

பாவனைப் பொறி கிடைத்துவிட்டதென்று புதுக் கணக்கையும் பழைய மென்பொருளிலேயே எழுதிக்கொண்டு போகலாமா? கூடாது என்பதே நமது அபிப்பிராயம். பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் தறியை நடத்திக் காட்டினார். 1983இல் மின்னணு ஜக்கார்டு வந்தது. அதற்கு மாறுகிறவர் பழைய அட்டைகளைப் புதுப் பெட்டியில் திணிப்பதில்லை. அட்டையிலுள்ள பூவையும் கரையையும் கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்கிறார். பெட்டி வேறு, பூ வேறு. அவ்வாறே மென்பொருள் வேறு, அதற்குள்ளிருக்கும் கணக்கு வேறு. பாக்ஸ்புரோவுக்குப் புதிய பதிப்பு இனி இல்லையென்று மைக்ரோசாப்ட் 2007ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை. ஆனால் அதன் கணக்குக் கோப்புகளை, டிபிஎஃப் என்ற ஈற்றுப்பெயர் கொண்டவற்றை, விலையில்லாத லிப்ரெஆபிஸ் இன்றும் திறந்து அட்டவணையாகக் காட்டுகிறது. பழைய மென்பொருளைப் பாவனைப் பொறியில் வைத்திருப்பது, வெளியே எடுத்த கணக்கு சரிதானா என்று அதனோடு ஒத்துப் பார்ப்பதற்காகவே.

எந்தச் சோதனையையும் நகலில் செய்ய வேண்டுமேயன்றி மூலத்தில் செய்யலாகாது. முதலில் பழைய பொறியிலுள்ள கோப்புறை முழுவதையும் இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்க வேண்டும். டிபிஎஃப் கோப்பை மட்டும் எடுத்தால் பக்கத்திலுள்ள குறிப்புக் கோப்புகள் விடுபட்டுப்போகும்.

விவசாயக் கடன் சங்கங்களுக்கு இது இப்பொழுதே உடனடியான காரியம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொதுவான ஒரே மென்பொருளில் கொண்டுவரும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. தொடக்க மதிப்பீடு 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய். புது மென்பொருளை அரசாங்கம் தரும். பழைய பாக்கியும் பழைய பெயரும் பிழையின்றி அதில் ஏறினவா என்று பார்ப்பது அந்தந்தச் சங்கத்தின் பொறுப்பு. மாற்றிய பின் அங்கத்தினர் தொகை, பங்குத் தொகை, வைப்புத் தொகை, கடன் நிலுவை ஆகிய கூட்டுத் தொகைகள் தணிக்கை முடிந்த மார்ச் 31ஆம் தேதி ஐந்தொகையோடு காசு பிசகாமல் பொருந்த வேண்டும். கூட்டு பொருந்தியும் உள்ளே இருவர் கணக்கு இடம் மாறியிருக்கக்கூடுமாதலால், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாஸ் புத்தகத்தை எடுத்துவந்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுதல் நலம். அடுத்த தணிக்கை முடியும்வரை பழைய பொறியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். முடிந்து போடும்போதும் வன்தட்டைக் கழற்றி, தேதியிட்ட சீட்டொன்று ஒட்டி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் விற்கலாம்.